லாட்டனுக்கு முதல் சுற்று, மார்ஷாண்டுக்கு இரண்டாம் சுற்றா?

நீலக்கோடு:
2025 மார்ச் 7, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.லின் டிரேட் டெட்லைன், அதாவது அந்த சீசனில் அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். ஸ்காட் லாட்டனுக்காக 2027 டிராஃப்டின் முதல் சுற்று பிக்கையும் (புது இளம் வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) நிகிதா கிரெபியோன்கின் என்ற வீரரையும் பிலடெல்பியாவிடம் கொடுத்தது டொராண்டோ. அதே நாளில் பாஸ்டன் கேப்டன் பிராட் மார்ஷாண்டை ஃபுளோரிடா ஒரு இரண்டாம் சுற்று பிக்குக்கு வாங்கியது. லாட்டன் மாதிரி மூன்றாம் வரிசை சென்டருக்கு (நடு முன்கள வீரர்) இந்த விலையா? சந்தை நிலவரம் என்று யாரும் சமாதானம் சொல்லாதீர்கள். பதறிப்போய் வாங்கியிருக்கிறார்கள்.

பனித்தளம்:
வரத்து இல்லாததுதான் காரணம், அண்ணா. 32 அணிகளில் 16, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளுக்குப் போகின்றன. ஓவர்டைமில் தோற்றாலும் ஒரு புள்ளி உண்டு. அதனால் நடுவில் இருக்கும் அணிகள் மார்ச் வரை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. நாலு புள்ளி பின்தங்கிய அணி ஆளை விற்குமா? விற்பவர்கள் ஒரு சிலர், சென்டர் தேடுபவர்களோ ஏராளம். லாட்டனுக்கு அப்போது இன்னொரு சீசன் ஒப்பந்தம் இருந்தது. சம்பளத்தில் பாதியை பிலடெல்பியாவே ஏற்றதால் சேலரி கேப் (அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு) இறுகிய டொராண்டோவுக்கு அவர் 15 லட்சம் டாலர்தான். மார்ஷாண்டுக்கு வயது 36, அன்று காயத்தில் இருந்தார், ஒப்பந்தமும் அந்தக் கோடையோடு முடிவதாக இருந்தது. போதாததற்கு அவர் ஆடி ஃபுளோரிடா பிளேஆஃபில் இரண்டு சுற்று வென்றால் அந்த பிக் முதல் சுற்றாக மாறும் என்று நிபந்தனை. கோப்பையே வென்றார்கள், மாறியும் விட்டது.

நீலக்கோடு:
டானர் ஜெனோ? 2023இல் டாம்பா அவருக்காக கால் ஃபுட் என்ற வீரரையும் ஐந்து பிக்குகளையும் கொடுத்தது, அதில் ஒன்று முதல் சுற்று. அந்த சீசனில் அதுவரை அவர் அடித்தது ஐந்தே கோல். 2024 கோடையில் ஒரு இரண்டாம் சுற்று, ஒரு நான்காம் சுற்று பிக்குகளுக்கு லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கிராக்கியை டாம்பாவே உண்டாக்கிக்கொண்டது.

மூன்றாம்பீரியட்:
டாம்பாவைச் சொன்னால் 2020ஐயும் சொல்ல வேண்டும். பிளேக் கோல்மனுக்கும் பார்க்லே குட்ரோவுக்கும் ஆளுக்கொரு முதல் சுற்று பிக் போனது. அப்போதும் எல்லோரும் அதிகம் என்றார்கள். அந்த இருவரோடுதான் 2020, 2021 கோப்பைகள் வந்தன. ஜெனோ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அது கண்மூடித்தனம். ஆனால் விலையை ஆளின் தரம் தீர்மானிப்பதில்லை. சாட்சி, 2023இல் சிகாகோவின் பேட்ரிக் கேன். மூன்று கோப்பை வென்றவர். தன் சம்மதமின்றி மாற்ற முடியாது என்ற ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு மட்டுமே போவேன் என்றார். வாங்க ஒரே ஒருவர். சிகாகோவுக்குக் கிடைத்தது நிபந்தனையுள்ள இரண்டாம் சுற்றும் அதற்குக் கீழான சில்லறையும்.

நீலக்கோடு:
கேன் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் டொராண்டோ ஏன் கடைசி நாள்வரை காத்திருந்தது? ஜனவரியில் கூட்டம் குறைவுதானே?

பனித்தளம்:
கேப் கணக்கு நாள்வாரியாக ஓடுகிறது. மிச்சம் பிடித்த இடம் மார்ச் வரை சேர்ந்துகொண்டே போகும். ஜனவரியில் அடங்காத சம்பளம் மார்ச்சில் அடங்கும். விற்பவருக்கும் இது தெரியும், அவரும் காத்திருப்பார்.

நீலக்கோடு:
சரி, பிளேஆஃப் முடிவைப் பொறுத்த நிபந்தனையாவது கேட்டிருக்கலாமே? 2024இல் கரோலைனா ஜேக் கென்ட்ஸலுக்கு அப்படித்தான் பேசியது. இறுதிப் போட்டிக்குப் போனால் மட்டும் முதல் சுற்று. போகவில்லை, இரண்டாம் சுற்று பிக்கோடு போயிற்று. டொராண்டோவோ 2025 பிளேஆஃபின் இரண்டாம் சுற்றில் ஃபுளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றும் முதல் சுற்று பிக்கை இழந்து நிற்கிறது.

மூன்றாம்பீரியட்:
கரோலைனா அதோடு மைக்கேல் பண்டிங்கையும் மூன்று இளம் வீரர்களையும் பிட்ஸ்பர்க்கிடம் கொடுத்தது. அந்த நிபந்தனைக்கும் ஒரு விலை இருந்தது. டொராண்டோவிடம் கொடுக்க அப்படி மூன்று பேர் இருந்தார்களா?