வயது வேறுபட்ட மூன்று பிள்ளைகளுடன் இரண்டு நாள் தீம் பார்க் பயணம்

கேள்வி:
எங்கள் பிள்ளைகளுக்கு முறையே 3, 7, 13 வயது ஆகிறது. இரண்டே நாள் செல்லவிருக்கும் நிலையில், மூத்தவனுக்குச் சலிப்புத் தட்டாமலும் கடைக்குட்டி களைத்து அழாமலும் நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
வயதை விட்டு உயரத்தைப் பாருங்கள். பெரிய ரோலர் கோஸ்டர்கள் பலவற்றில் 122 செ.மீ., மிதமானவற்றில் 102 செ.மீ. என்ற அளவில் குறைந்தபட்ச உயரம் வைத்திருப்பார்கள். ஏழு வயதுப் பிள்ளைகள் பலர் அந்த 122-ஐ ஒட்டியே நிற்பதால், நடுப்பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அளந்து, எவற்றில் ஏறலாம் என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். நெடுநேரம் வரிசையில் நின்றபின் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது லேசான காரியமல்ல.

மறுமொழி 2:
டிஸ்னி, யுனிவர்சல் போன்ற பூங்காக்களில் பெற்றோர் மாறி மாறி ஏறும் வசதி உண்டு. ஒருவர் மூத்தவனுடன் சவாரி செய்யும்போது மற்றவர் சிறிய பிள்ளையுடன் காத்திருந்து, பிறகு முழு வரிசையில் மீண்டும் நிற்காமலேயே ஏறிக்கொள்ளலாம். வரிசையில் சேருமுன் வாயிலில் உள்ள பணியாளரிடம் கேளுங்கள்.

மறுமொழி 3:
ஐவரும் நாள் முழுதும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்பது எனக்கு உடன்பாடில்லை. பூங்கா திறந்தவுடன் கூட்டம் குறைவாக இருக்கும் நேரத்தை மூத்தவனின் சவாரிகளுக்கு ஒதுக்கி, மதியம் ஒருவர் கடைக்குட்டியைத் தங்குமிடத்துக்கு அழைத்துச் சென்று உறங்கவைத்தால், மாலை வாண வேடிக்கைக்கு எல்லோரும் தெம்பாகச் சேரலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நடுப்பிள்ளையை அளந்தேன், குதிகாலை உயர்த்தாமல் நின்றால் 119 செ.மீ. தான்.

மறுமொழி 1:
அப்படியானால் 102 செ.மீ. சவாரிகளை முதல் நாளிலேயே அவளுக்கென்று குறித்துவிடுங்கள்.