நிலாவின் பலகைக்கு ஒரு தரை

குழு: தோட்டத்துச் சொந்தங்கள்

சுதா: எல்லோரும் இந்தப் படத்தைப் பாருங்கள். நிலாவின் பிறந்த நாளுக்கு டவுனில் வாங்கிக் கொடுத்த ஸ்கேட்போர்டு, ஏறி நின்று ஓட்டுகிற சக்கரப் பலகை. 4,500 ரூபாய். ஐந்தே நாளில் நடுவில் வெடித்துவிட்டது. கொண்டுபோய்க் காட்டினால், பிள்ளை குதித்திருப்பாள், மாற்றித் தர முடியாது என்கிறார்கள். நல்ல சாமான் என்று சொல்லித்தான் விற்றார்கள். பிள்ளை நேற்று இரவு சாப்பிடவே இல்லை.

மாலதி டீச்சர்: சல்லி போனால் போகட்டும் சுதா. அடி ஏதும் படவில்லையே?

சுதா: முழங்கையில் லேசாகத் தோல் போயிருக்கிறது அண்ணி. மஞ்சள் வைத்திருக்கிறேன்.

பிரவீன்: அக்கா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது விளையாட்டுச் சாமான், ஏறி ஓட்டுகிற பலகை இல்லை. சக்கரத்தைப் பிடித்திருக்கிற அச்சை ட்ரக் என்போம். இதில் அது பிளாஸ்டிக். நல்ல போர்டில் உலோகமாக இருக்கும். பலகையும் மேப்பிள் மரத்தை மெல்லிசாகச் சீவி, ஏழு அடுக்காக ஒட்டி அழுத்திச் செய்தது. ஓரத்தைப் பார்த்தாலே ஏழு கோடும் தெரியும். இனி எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் சக்கரத்தை விரலால் சுண்டிவிடுங்கள். விக்கி விக்கிச் சுற்றினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ரவி: உள்ளே என்ன பேரிங் போடுகிறார்கள் தம்பி?

பிரவீன்: 608 அண்ணே. உள் துளை 8, வெளியே 22, அகலம் 7 மில்லிமீட்டர்.

ரவி: அது நம் கராஜிலேயே கிடக்கிறதே! சின்ன மோட்டர்களுக்குப் போடுகிற சைஸ். சுதா, உனக்கு ஞாபகம் இருக்கிறதா, லொறியில் கழற்றிய பழைய பேரிங் மூன்றை வைத்து நாங்கள் வண்டி செய்தோமே. ஒரு பலகை, முன்னால் திருப்புவதற்கு ஒரு குறுக்குக் கட்டை, அவ்வளவுதான். தோட்டத்து மேல் பிரிவான மேக்கணக்கிலிருந்து தேயிலை ஸ்டோர் வரைக்கும் ஒரே இறக்கம். இரும்பு தார் ரோட்டில் உரசுகிற சத்தம் ஏழு லயத்து வீடுகளுக்கும் கேட்கும். சத்தம் கேட்டால் அம்மா விறகுக் கட்டையோடு வாசலில் நிற்பார்.

பிரவீன்: அண்ணே, இந்த விளையாட்டு பிறந்ததே அப்படித்தான். 1950களில் கலிபோர்னியாவில் அலைச்சறுக்கு ஆடுகிறவர்கள், அலை இல்லாத நாளில் தரையில் சறுக்குவதற்காக ரோலர் ஸ்கேட்டின் சக்கரங்களைப் பலகையில் அறைந்தார்கள். முதலில் இரும்பு, அப்புறம் களிமண்ணில் செய்த சக்கரம். சின்னக் கல் பட்டாலும் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். 1970களின் தொடக்கத்தில் யூரித்தேன் சக்கரம் வந்த பிறகுதான் ரோட்டைப் பிடித்து ஓடத் தொடங்கியது. 1976, 77இல் அங்கே கடும் வறட்சி. வீட்டு நீச்சல் குளங்களெல்லாம் காலியாகக் கிடந்தன. பையன்கள் அந்த வளைந்த சுவரில் ஏறி இறங்கி ஓட்டினார்கள். இன்று ஸ்கேட் பார்க்குகளில் கட்டுகிற பவுல் என்கிற வளைந்த குழி, அந்தக் காலிக் குளத்தைப் பார்த்துக் கட்டியதுதான். யாரும் பயன்படுத்தாமல் விட்ட இடத்தில்தான் இது வளர்ந்திருக்கிறது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

சுதா: எல்லாம் சரி. அம்மா ஒரே பிடியாக இருக்கிறார். அவர் சொல்லச் சொன்னதை அப்படியே போடுகிறேன்: “பொம்பளைப் பிள்ளை கை காலை உடைத்துக்கொண்டால் யார் பதில் சொல்வது? பஸ் வருகிற வளைவில் பலகையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.”

ரவி: வளைவு விஷயத்தில் அம்மா சொல்வதுதான் நியாயம். மேலே காபட் போட்ட ரோட்டில் லொறி எந்த வேகத்தில் திரும்புகிறது என்று தினமும் பார்க்கிறேன். இந்தப் பலகைக்கு பிரேக் கிடையாது. நிலா, பெரிய மாமா சொல்கிறேன், ரோட்டுக்கு இனி போகக் கூடாது.

பிரவீன்: நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் பெண் பிள்ளை என்பதற்காக வேண்டாம் என்று அம்மா சொல்ல வேண்டாம். மாமல்லபுரத்தில் கமலி மூர்த்தி என்று ஒரு பிள்ளை. நம் மொழி பேசுகிற பிள்ளை, கடற்கரையில் வளர்ந்தவள். கவுனைப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு சரிவான ராம்பில் இறங்குகிற அவளுடைய படத்தை டோனி ஹாக்கே பகிர்ந்தார். இந்த விளையாட்டில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதல் முறை வந்தது டோக்கியோவில், 2021இல். பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வாங்கிய மொமிஜி நிஷியாவுக்கு வயது 13. நிலாவுக்கும் 13தான். அதே ஒலிம்பிக்கில் பார்க் பிரிவு இறுதியில் மிசுகு ஒகமோட்டோ என்ற பிள்ளை கடைசி ஓட்டத்தில் விழுந்து பதக்கத்தை இழந்தாள். அழுதுகொண்டு வந்தவளை, அவளோடு போட்டி போட்ட பிள்ளைகளே தோளில் தூக்கிக்கொண்டார்கள். அம்மாவுக்கு அந்த வீடியோவைக் காட்டுங்கள் அக்கா.

சுதா: நிலா எழுதுகிறேன், அம்மாவின் போனில். சின்ன மாமா, நான் அதைப் பத்துத் தடவை பார்த்திருக்கிறேன். ஒருவர் ஒரு ட்ரிக்கைச் சரியாகச் செய்துவிட்டால் சுற்றி இருக்கிறவர்கள் ஏன் பலகையைத் தரையில் தட்டுகிறார்கள்?

பிரவீன்: அது அவர்களுடைய கைதட்டல் நிலா. நேற்று வந்தவன் முதல் தடவை ஓலி, அதாவது பலகையோடு சேர்ந்து குதிக்கிற குதி, போட்டாலும் தட்டுவார்கள், பத்து வருஷம் ஓட்டுகிறவனுக்கும் தட்டுவார்கள்.

மாலதி டீச்சர்: நான் ஒன்று சொல்லவா? காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் ஜன்வார் என்று ஒரு கிராமம், பன்னா பக்கம். 2015இல் அங்கே ஒரு ஸ்கேட் பார்க் கட்டினார்கள். விதி இரண்டுதான். பள்ளிக்கூடம் வராவிட்டால் பலகை இல்லை. பெண் பிள்ளைகளுக்கு முதல் இடம். என் வகுப்பில் ஒன்பதாம் ஆண்டுக்கு மேல் வராமல் நின்றுவிடுகிற பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களைப் பிடித்து நிறுத்த என்னிடம் புத்தகத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. நமக்குப் பார்க் கட்ட வசதி கிடையாது. ஆனால் கீழ்ப் பிரிவான பணியக்கணக்கில், கொழுந்து நிறுக்கிற பழைய மடுவம் சும்மாதானே கிடக்கிறது? சிமெண்டுத் தரை. கூரை இருக்கிறது.

பிரவீன்: அண்ணி!!! கூரை இருக்கிறதா?

மாலதி டீச்சர்: தகரம் போட்டிருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் துரு.

பிரவீன்: நம் ஊருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்! மே தொடங்கினால் செப்டம்பர் வரை நமக்கு மழைதானே. ஈரத்தில் இதை ஓட்டவே கூடாது. சக்கரம் வழுக்கும், பேரிங் துருப்பிடிக்கும், பலகையின் அடுக்கு ஊறிப் பிரிந்துவிடும். திறந்த பார்க் கட்டினாலும் பாதி வருஷம் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். சக்கரத்தின் கடினத்தை ஏ என்ற அளவில் சொல்வார்கள். ரோட்டில் ஓட்டுவதற்கென்றால் 78 ஏ மாதிரி மென்மையான பெரிய சக்கரம் வேண்டும். வழுவழுப்பான சிமெண்டு என்றால் கடினமான 99 ஏ, விட்டம் 52 மில்லிமீட்டர் போதும். என்னிடம் பழைய போர்டு ஒன்று இருக்கிறது, கொண்டு வருகிறேன். ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் கட்டும் புதிதாக வாங்குகிறேன், அதில் மட்டும் பழசு வேண்டாம்.

ரவி: தரையில் வெடிப்பு இருந்தால் நான் பூசிக் கொடுக்கிறேன். வேறு என்ன செய்ய வேண்டும்?

பிரவீன்: முழங்கால் உயரம்கூட வேண்டாம் அண்ணே, ஒரு அடி உயரத்தில் நீளமான மரப்பெட்டி. விளிம்பில் எல் இரும்பு வைத்து அடிக்க வேண்டும். அதன் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ட்ரக் சறுக்கிக்கொண்டு போகும். ஆனால் முதல் மாதம் பெட்டி தேவையே இல்லை. நிற்க, தள்ள, திரும்ப, விழப் பழக வேண்டும். விழும்போது கையை முன்னால் ஊன்றினால்தான் மணிக்கட்டு உடையும். அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன்.

சுதா: தோட்டத்து இடம் அண்ணி. கேட்காமல் பிள்ளைகளை விட்டால் நாளைக்கு நம்மைத்தான் கேட்பார்கள்.

மாலதி டீச்சர்: கேட்டுத்தான் செய்வோம். கடிதம் நான் எழுதுகிறேன். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கொடுக்கும்போது ரவியும் கோயில் கமிட்டித் தலைவரும் வரட்டும். சனி, ஞாயிறு பகலில் மட்டும், பெரியவர் ஒருவர் கூட இருப்பார், சாவி எங்கள் வீட்டில் இருக்கும் என்று தெளிவாகப் போடுகிறேன். தரை எவ்வளவு நீளம் என்று எழுத வேண்டும். யாராவது அளந்து சொல்லுங்கள்.

ரவி: மாலை வேலை விட்டதும் டேப் எடுத்துக்கொண்டு போகிறேன்.

சுதா: நிலா. நான் இப்போதே போய் வந்துவிட்டேன். நீளம் என் காலடிக்கு 71, அகலம் 30. ஒரு பக்கம் பழைய தராசுக் கம்பி நீட்டிக்கொண்டு இருக்கிறது, அதை வெட்ட வேண்டும். சின்ன மாமா, நான் படி ஏறும்போது வலது காலைத்தான் முதலில் வைக்கிறேன். அப்படியென்றால்?

பிரவீன்: வலது கால் முன்னால் வசதியாக இருந்தால் அதற்கு கூஃபி என்று பெயர். தப்பில்லை, நிறையப் பேர் அப்படித்தான் நிற்பார்கள். வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறுகிறேன்.

சுதா: அம்மா இவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். இதைப் போடச் சொல்கிறார்: “மடுவத்திலா? அங்கே 31 வருஷம் கூடையை இறக்கியிருக்கிறேன். மழை வந்தால் வாசலுக்கு இடது மூலையில்தான் ஒழுகும். ரவியை முதலில் அந்தத் தகரத்தை மாற்றச் சொல்.”

ரவி: சரி அம்மா. நாளைக்கே மாற்றுகிறேன்.