தடித்த பூச்சா, அப்பலா?

> மலத்தில் வயிற்றுப் புழுவின் முட்டையைத் தேடும் காட்டோ-காட்ஸ் முறையில், கண்ணாடி ஸ்லைடில் மலத்தைக் கனமாகப் போடும் 'திக் ஸ்மிய'ருக்குத் 'தடித்த பூச்சு' என்று எழுதியிருக்கிறேன். களப்பணியாளர் கையேடு. பொருந்துமா?

அகராதிப்படி பொருந்தும், ஊருக்குள் பொருந்தாது. வயிற்றுப் புழுவை நம் ஊர்களில் யாரும் புழு என்று சொல்வதில்லை, 'பூச்சி' என்பார்கள். பூச்சுப் பரிசோதனை என்று வாசித்தால் காதில் பூச்சிப் பரிசோதனை என்றுதான் விழும். எங்கள் பணியாளர் ஒருவர் அப்படி வாசித்ததும், ஒரு பாட்டி "என் பேரனுக்குப் பூச்சியெல்லாம் இல்லை" என்று மலம் சேகரிக்கும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாத முட்டையைத் தேடத்தான் வந்தோம் என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

> வில்லை என்றால் என்ன? அழுத்திய பிறகு வட்டமாகத்தானே இருக்கிறது.

வடிவம் சரி. ஆனால் பூச்சிக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையையும் வில்லை என்று எழுதுபவர்கள் உண்டு. 'வில்லை கொடுத்தீர்களா?' என்றால் மாத்திரையா, மலமா?

என் பரிந்துரை 'அப்பல்'. மெலிதாகச் செய்தால் தடவுவது, கனமாகச் செய்தால் அப்புவது. "பவுடரை அப்பிக்கொண்டு வந்திருக்கிறாள்" என்கிறோமே, அந்த அப்பு. மலேரியாவுக்கும் இது உதவும். கிருமி இருக்கிறதா என்று தேடப் போடுவது இரத்த அப்பல், எந்த வகை என்று பிரித்தறியப் போடுவது இரத்தத் தடவல். ஒரே கல்லில் இரண்டு சொல்.

> காட்டோ-காட்ஸில் யாரும் அப்புவதில்லையே. செலோபேன் வைத்து அழுத்தித்தானே பரப்புகிறோம்?

நல்ல கேள்வி. ஆனால் அழுத்துவதற்கு முன் நடப்பதைப் பாருங்கள். மலத்தைச் சல்லடை வலையில் சலித்து, ஸ்லைடின் மேல் வைத்த தகட்டின் துளைக்குள் இடைவெளியில்லாமல் அப்பி நிரப்புகிறோம். தகட்டை எடுத்தால் சின்ன மேடு ஒன்று நிற்கும். அது 41.7 மில்லிகிராம். இந்த முறையின் உயிரே அந்த அளவுதான். எண்ணிய முட்டையை 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை என்று வந்துவிடும். 7 கண்டால் 168. துளையைச் சரியாக அப்பாவிட்டால் கணக்கே தவறு. ஆகவே பெயர் அந்த வேலையிலிருந்தே வரட்டும். (அப்பளம் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும்.)

அப்புறம், கையேட்டில் ஒரு திருத்தம். 'ஸ்லைடு தெளிந்ததும் பார்க்கவும்' என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். செலோபேனில் ஊறியிருக்கும் கிளிசரின் மலத்தைத் தெளிய வைக்கிறது, கூடவே கொக்கிப்புழு முட்டையின் மெல்லிய ஓட்டினையும் தெளிய வைத்துக் காணாமல் அடித்துவிடுகிறது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். உருளைப்புழு, சாட்டைப்புழு முட்டைகள் நெடுநேரம் நிற்கும். ஜவ்வாது மலை, திமிரி போன்ற பகுதிகளில் கொக்கிப்புழுதான் மிகுதி. காலையில் போட்ட அப்பலை மாலையில் பார்த்து 'இல்லை' என்று எழுதினால் அந்த 'இல்லை'க்கு மதிப்பில்லை. இதற்கு 'மிகைத்தெளிவு' என்று ஒரு சொல் வைத்திருக்கிறேன், அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தெளிவு நல்ல சொல்லாயிற்றே, பிழையைச் சுட்ட ஒட்டவில்லை. 'முட்டைமறைவு' எப்படி?

காட்டோ, காட்ஸ் இரண்டும் ஆட்பெயர்கள். முன்னவர் ஜப்பான், பின்னவர் பிரேசில். அவற்றை மொழிபெயர்க்க வேண்டாம்.

> அப்பல் எனக்குச் சம்மதம். முதல் இடத்தில் மட்டும் 'அப்பல், அதாவது திக் ஸ்மியர்' என்று போட்டுவிடுகிறேன். ஆய்வகத்தார் தேடுவார்கள். முட்டைமறைவு பற்றி இன்னும் யாராவது சொல்லுங்கள். கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.