பழுதாகும் வன்தட்டில் சிதைந்த எக்ஸ்ட்4: எஃப்எஸ்சிகே ஓட்டலாமா?

கேள்வி:
என் லினக்ஸ் கணினியில் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை கொண்ட வட்டுப் பகிர்வு, வாசிக்க மட்டும் இயலும் நிலைக்குத் தானாகவே மாறிவிட்டது. கெர்னல் (இயங்குதளத்தின் கரு) பதிவில் வாசிப்புப் பிழைகள் வரிசையாக வருகின்றன. வட்டு தன் நிலையைத் தானே கண்காணித்துத் தரும் ஸ்மார்ட் அறிக்கையில், நிலுவை செக்டர்களின் (வாசிக்க முடியாமல் ஐயத்தில் உள்ள வட்டுத் துண்டுகளின்) எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே இருக்கிறது. கோப்பு முறைமையைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே-யை, அது கேட்கும் எல்லாவற்றுக்கும் ஆம் என்று விடையளித்து ஓட்டிவிடலாமா?

மறுமொழி 1:
இப்போது வேண்டவே வேண்டாம். எஃப்எஸ்சிகே வட்டில் எழுதும் கருவி. வாசிக்க முடியாத ஐநோடு அட்டவணையை (கோப்புகளின் விவரமும் இருப்பிடமும் உள்ள பட்டியலை) சிதைந்ததாகக் கருதி அது அழித்துவிட்டால், பிறகு மீட்க எதுவும் மிஞ்சாது. பகிர்வை அன்மவுண்ட் செய்துவிட்டு (பயன்பாட்டிலிருந்து விடுவித்து), அதைவிடப் பெரிய நல்ல வட்டொன்றில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி கொண்டு படிமம் (அப்படியே முழு நகல்) எடுங்கள். எதுவரை நகலெடுத்தது என்று அது குறித்துக்கொள்ளும் மேப் கோப்பைக் கட்டாயம் கொடுங்கள். இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடர அதுவே வழி. முதல் சுற்றில் எளிதாக வருவதை மட்டும் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளைப் பிறகு பாருங்கள்.

மறுமொழி 2:
ஸ்மார்ட் அறிக்கையில் சிஆர்சி பிழை (தரவு கடத்தும்போது நேரும் பிழை) எண்ணிக்கை மட்டும் ஏறியிருந்தால், வட்டைக் கணினியுடன் இணைக்கும் சாட்டா கேபிளைச் சந்தேகிக்கலாம். நிலுவை செக்டர்கள் ஏறுவது வட்டின் கோளாறுதான்.

கேட்டவர்:
படிமம் கிடைத்துவிட்டது, சில இடைவெளிகளுடன். ஆனால் அதைத் திறக்க முயன்றால், சூப்பர்பிளாக் (கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்கள் உள்ள பகுதி) தவறு என்கிறது.

மறுமொழி 1:
படிமத்தின் நகலொன்றில் மட்டும் வேலை செய்யுங்கள். பிளாக் அளவு 4096 பைட் எனில், சூப்பர்பிளாக்கின் முதல் மாற்று நகல் வழக்கமாக 32768-ஆம் பிளாக்கில் இருக்கும். எக்ஸ்ட்4-க்கான எஃப்எஸ்சிகே-யான ஈ2எஃப்எஸ்சிகே-யிடம் அந்த எண்ணைக் கொடுங்கள். பெயரிழந்த கோப்புகள் லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவில் சேரும். எஃப்எஸ்சிகே கோப்புகளின் உள்ளடக்கத்தைச் சோதிப்பதில்லை. ஆகவே முக்கியமானவற்றைத் திறந்து பார்த்துவிடுங்கள்.