விமான ஆக்சிஜன் வேலையில் அவசரம் எங்கே கடிக்கும்?

சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்தால் 1,850 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அழுத்தத்தில் ஆக்சிஜன் குழாய்க்குள் பாயும். மூடிய முனையில் போய் நெருக்குண்டு, ஒரு நொடிக்குள் பல நூறு டிகிரி சூடேறும். அங்கே கொஞ்சம் கிரீஸோ உலோகத் தூளோ இருந்தால் தீப்பொறியே தேவையில்லை, பற்றிக்கொள்ளும். எனவே மிக மெல்லத் திறந்து, அழுத்தம் காட்டும் கேஜின் முள் ஏறி நின்ற பிறகுதான் முழுசாகத் திறக்க வேண்டும். நிரப்பும்போது நிமிடத்துக்கு 200 பிஎஸ்ஐ என்பது பரவலான உச்ச அளவு. மேனுவல் அதைவிடக் குறைத்துச் சொன்னால் மேனுவல் சொல்வதுதான்.

இன்னொன்று: நிரப்பிய சூட்டோடு கேஜைப் பார்த்து ஏமாறுவது. 1,850 என்பது 21 டிகிரி செல்சியஸுக்கான கணக்கு. ஆறியதும் முள் இறங்கும், அதைக் கசிவு என்று நினைத்து இணைப்புகளை இறுக்கத் தொடங்குவார்கள். முதலில் வெப்பநிலை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். கசிவு சோதனைக்கு ஆக்சிஜனுக்கென்றே வரும் திரவம் மட்டும். சாதாரண சோப்பில் கொழுப்பு உண்டு. குமிழி வந்தால் அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். சோதித்த இடத்தைத் துடைத்து உலர்த்தவும் மறக்கக் கூடாது.

டெஃப்லான் டேப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பைப் திரெட்டில் மட்டும், அதுவும் முனையில் இரண்டு திரெட்டை விட்டுச் சுற்ற வேண்டும். குழாய் வாயை விரித்துப் பொருத்தும் ஃப்ளேர் இணைப்பில் சுற்றவே கூடாது, பிய்ந்த துணுக்கு ரெகுலேட்டருக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

சிலிண்டரை அடியோடு காலி செய்வதும் தப்பு. 50 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் ஈரக்காற்று உள்ளே நுழைய வழியாகிவிடும். உயரத்தில் அந்த ஈரம் உறைந்து வால்வை அடைக்கும். 3ஏஏ வகை ஸ்டீல் சிலிண்டருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட், அதாவது நீரழுத்தச் சோதனை. எடை குறைந்த 3ஹெச்டிக்கு 3 ஆண்டு, ஆயுள் 24 ஆண்டு அல்லது 4,380 நிரப்பல், எது முந்துகிறதோ அது.

பயணிகள் முகமூடிக்கு மேலே இருக்கும் ரசாயன ஜெனரேட்டரில் வால்வே கிடையாது, ஆனால் ஆபத்து குறைவில்லை. ஊசி பிரைமரை (பற்றவைக்கும் சிறு வெடிமூடியை) தட்டினால் சோடியம் குளோரேட் சிதைந்து ஆக்சிஜன் வரும். வெளிக்கூடு 260 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். கழற்றியதும் பிரைமர் மேல் பாதுகாப்பு மூடி போட வேண்டும். 1996 மே 11 அன்று வேல்யூஜெட் 592 விமானம் தீப்பிடித்து, அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து 110 பேர் இறந்தார்கள். சரக்கு அறையில் ஏற்றிய ஜெனரேட்டர்களுக்கு அந்த மூடி இல்லை. காலாவதியானது வேறு, எரிந்து தீர்ந்தது வேறு: தேதி முடிந்த ஜெனரேட்டரும் முழு வேகத்தில் எரியும்.