3 மில்லிமீட்டர் வண்டு, 90 எம்எம் மேக்ரோ: கிட்டே போனால் ஃபோகஸ் பிடிக்கவில்லை, உதவுங்கள்

பெர்ஜுந்தை மகன்:

வணக்கம். நான் பத்தாங் பெர்ஜுந்தைக்காரன், இப்போதைய பெயரில் பெஸ்தாரி ஜெயா. மலேசியாவிலேயே முதன்முதலாக, 1917-ல், பாமாயில் எடுக்கும் செம்பனையை வியாபாரத்துக்காக நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் ஊர்ப்பக்கம்தான். அதனால் நான் படமெடுக்க நினைக்கும் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. எடுக்கத்தான் முடியவில்லை.

அது செம்பனை ஆண் பூவில் மொய்க்கும் குட்டி வண்டு. நீளம் 3 மில்லிமீட்டர் இருக்கும். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் தோட்டத்தில் மகரந்தம் தூவும் வேலை செய்தவர். டால்க் பவுடரில் கலந்த மகரந்தத்தைக் குப்பியில் எடுத்துக்கொண்டு நிரை நிரையாக நடந்து, விரிந்த பெண் பூவைத் தேடித்தேடி ஊதிவிட வேண்டும். 1981-ல் கேமரூனிலிருந்து இந்த வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அப்புறம் அந்த வேலைக்கு ஆள் தேவைப்படவில்லை. அம்மாவுக்கு இப்போது கண் மங்கி வருகிறது. "அந்த வண்டு மூஞ்சி எப்படித்தான்டா இருக்கும்?" என்று போன தீபாவளிக்குக் கேட்டார். ஏ3 தாளில் பெரிதாக அச்சடித்துக் காட்ட ஆசை.

கேமரா சோனி ஏ7 மார்க் 3. லென்ஸ் எஃப்இ 90 எம்எம் மேக்ரோ, சின்னப் பொருளைக் கிட்டே போய் எடுப்பதற்கானது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தூரத்தில் இருப்பதெல்லாம் கத்தி மாதிரி கூர்மையாக வருகிறது. பூவுக்குக் கிட்டே போனால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி, பிடிக்காமலே நின்றுவிடுகிறது. கையால் ஃபோகஸ் செய்து, லென்ஸ் துளையை நன்றாகச் சுருக்கி எஃப் 22-ல் எடுத்துப் பார்த்தேன், படம் முழுக்க மந்தமாக இருக்கிறது. லென்ஸ் கெட்டுப்போனதா? திருப்பிக் கொடுக்க இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது.

மின்மினி:

தம்பி, அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். லென்ஸின் பக்கவாட்டில் மூன்று நிலை உள்ள ஒரு சுவிட்ச் இருக்கும். ஒன்று ஃபுல், ஒன்று அரை மீட்டருக்கு அப்பால், மூன்றாவது 0.5-லிருந்து 0.28 மீட்டர் வரை. உங்களுடையது எதில் இருக்கிறது? ஃபோகஸ் வளையத்தையும் பாருங்கள். அதை உடம்புப் பக்கம் இழுத்தால் மேனுவல், முன்னால் தள்ளினால் ஆட்டோ.

பெர்ஜுந்தை மகன்:

அண்ணே! சுவிட்ச் அரை மீட்டருக்கு அப்பால் என்பதில் இருக்கிறது. முன்னால் வைத்திருந்தவர் அப்படியே விட்டிருப்பார் போல. மூன்றாவது நிலைக்குத் தள்ளினேன், சமையலறையில் ஒரு சோம்பைப் பிடித்துவிட்டது. ஆனால் தோட்டத்துக்குப் போனால் வேறு கதை. மூக்கு கூர்மையாக இருந்தால் முதுகு கலங்கல், முதுகு சரியாக வந்தால் மூக்கு காணோம்.

மின்மினி:

அது லென்ஸின் குற்றமில்லை, மேக்ரோவின் குணமே அதுதான். நான் கோல சிலாங்கூரில் பூச்சி எடுக்கிறவன், இதில் பல வருடம் தடுமாறியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் லென்ஸ் 28 சென்டிமீட்டரில் 1:1 தரும், அதாவது படம் பதியும் சென்சாரில் பொருள் அதன் அசல் அளவிலேயே விழும். இந்தத் தூரம் சென்சாரிலிருந்து கணக்கு. கேமரா உடம்பின் மேலே ஒரு வட்டத்தைக் கோடு வெட்டிப் போகும் சின்னம் இருக்கிறதே, அங்கிருந்து அளக்க வேண்டும். லென்ஸ் முனையிலிருந்து பார்த்தால் மிஞ்சுவது சுமார் 13 சென்டிமீட்டர்தான். அந்த நெருக்கத்தில் எஃப் 2.8 வைத்தால் கூர்மையாக வரும் கனம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. எஃப் 8-ல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். எஃப் 22-க்குப் போனால் கனம் கூடும், ஆனால் 1:1-ல் துளை ஏறக்குறைய இரண்டு மடங்கு சிறுத்தது போல வேலை செய்யும், அதாவது எஃப் 44. ஒளி சிதறி எல்லாமே மந்தமாகிவிடும். நீங்கள் பார்த்தது அதைத்தான். எஃப் 8-க்கும் 11-க்கும் நடுவில் இருங்கள்.

கனம் ஒரு மில்லிமீட்டர்தான் என்றால், அதை எங்கே வைப்பது என்பதுதான் முழு வேலையும். வண்டைப் பக்கவாட்டில் பாருங்கள். மூக்கு, கண், முதுகு மூன்றும் சென்சாருக்கு இணையாக வரும்படி கேமராவைச் சாயுங்கள். எதிரே நின்று எடுத்தால் கண் மட்டும்தான் மிஞ்சும். ஆட்டோஃபோகஸை நம்ப வேண்டாம். மேனுவலில் 1:1 வைத்துவிட்டு, முழங்கையை விலாவில் ஒட்டி, உடம்பை இம்மி இம்மியாக முன்னால் சாய்த்து, கண்ணில் மினுக்கு தெரியும் நொடியில் அழுத்துங்கள். ஐம்பது எடுத்தால் மூன்று தேறும்.

பல படம் எடுத்து அடுக்கிச் சேர்க்கும் முறையை இதற்கு நான் சொல்லமாட்டேன். இந்த வண்டு ஒரு நிமிடம் சும்மா நிற்காது.

ரவாங் அக்கா:

தம்பி, ஃப்ளாஷ் இருக்கிறதா? செம்பனை மட்டைக்கு அடியில் நண்பகலிலும் இருட்டுதான். ஃப்ளாஷ் இல்லாமல் எஃப் 11 கையில் பிடித்து எடுக்க முடியாது.

பெர்ஜுந்தை மகன்:

இருக்கிறது அக்கா, மலிவான மேனுவல் ஃப்ளாஷ். அதில் இரண்டு சிக்கல். எஃப் 11, 1/200, ஐஎஸ்ஓ 200 வைத்தால் வியூஃபைண்டர் கும்மிருட்டாகிறது, வண்டே தெரியவில்லை. நேற்று காலை ஃப்ளாஷ் எரியவே இல்லை.

ரவாங் அக்கா:

உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஒன்று உள்ள பழைய கேமராவில் இந்தப் பிரச்சினை கிடையாது, உங்களுடையது போல அது இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு வந்தவர்கள் எல்லாரும் இதில் ஒருமுறை முட்டிக்கொள்வார்கள். கேமரா உங்கள் செட்டிங்கில் படம் எப்படி வரும் என்று காட்டப் பார்க்கிறது. ஃப்ளாஷ் வெளிச்சம் வரப்போவது அதற்குத் தெரியாது, அதனால் கறுப்பாகக் காட்டுகிறது. மெனுவில் லைவ் வியூ டிஸ்பிளே என்று இருக்கும், அதில் செட்டிங் எஃபெக்ட்டை ஆஃப் செய்யுங்கள். ஃப்ளாஷ் எரியாததற்கு, சைலண்ட் ஷூட்டிங் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது ஆனில் இருந்தால் ஃப்ளாஷ் வேலை செய்யாது.

ஃப்ளாஷை அப்படியே அடித்தால் வண்டின் ஓட்டில் வெள்ளைத் திட்டு விழும். ஐஸ்கிரீம் டப்பாவின் அடியை வெட்டி, மின்சாமான் பெட்டியில் வரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாளை உள்ளே ஒட்டி, லென்ஸ் முனைக்கு மேலே வரும்படி கட்டுங்கள். வெளிச்சம் பூச்சிக்கு எவ்வளவு பெரிதாகவும் பக்கமாகவும் இருக்கிறதோ அவ்வளவு மென்மை. அப்புறம், ஏர்கான் காரிலிருந்து எடுத்ததும் லென்ஸ் வேர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

மின்மினி:

இன்னொன்று. 1:1-ல் 3 மில்லிமீட்டர் வண்டு 36 மில்லிமீட்டர் சென்சாரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 6000 பிக்சலில் வெறும் 500. ஏ3-ல் மூன்றரை சென்டிமீட்டர். அம்மாவின் கண்ணுக்கு அது போதாது. ரேய்னாக்ஸ் டிசிஆர் 250 என்று ஒரு கிளிப் லென்ஸ் உண்டு, உங்கள் 62 எம்எம் முனையில் மாட்டும். உருவம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டர் கனம் பாதிக்கும் கீழே போய்விடும், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உயரமான கிழட்டு மரத்தில் ஏறப் பார்க்காதீர்கள். மறுநடவு செய்த இடத்தில் கேளுங்கள், அங்கே பூ இடுப்பளவில் இருக்கும். தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், ரப்பர் பூட்ஸ் கட்டாயம். பழத்துக்கு எலி வரும், எலிக்கு நாகம் வரும்.

பெர்ஜுந்தை மகன்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். லென்ஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அக்கா சொன்னது அப்படியே சரி, சைலண்ட் ஷூட்டிங்தான் ஆன் ஆகியிருந்தது.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் பூவைத் தேடிக்கொண்டிருக்க, அவர் பாதையிலேயே நின்று, "சோம்பு வாசம் வருது, அந்தப் பக்கம் போ" என்றார். நான்காவது மரத்தில் ஆண் பூ மஞ்சளாக வெடித்து, நூற்றுக்கணக்கில் வண்டு. ரேய்னாக்ஸ், எஃப் 8, 1/200, ஐஸ்கிரீம் டப்பா. 212 படத்தில் நான்கு தேறின.

ஒன்றை ஏ3-ல் அச்சடித்தேன். வண்டு ஏழு சென்டிமீட்டர் இருக்கிறது. அம்மா அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய், கண்ணாடியைக் கழற்றி, மூக்கு ஒட்டும் அளவுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். முதுகு மயிரில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது, நான் அதுவரை கவனிக்கவே இல்லை. "பவுடர் பாரு. எங்க புருவத்துலகூட இப்படித்தான் ஒட்டிக்கிடக்கும்" என்றார்.

அடுத்து பெண் பூவில் வண்டு உட்காருவதை எடுக்கச் சொல்கிறார். பூ வெளிர் மஞ்சளாக இருக்கும்போதே எடுக்க வேண்டுமாம், சிவந்துவிட்டால் நேரம் முடிந்ததாம். அண்ணே, பெண் பூ மட்டைக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது, 13 சென்டிமீட்டருக்குள் ஃப்ளாஷையும் டப்பாவையும் நுழைக்க வழி உண்டா?

மின்மினி:

உண்டு. ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, ஒரு கேபிள் போட்டு, அம்மா கையில் டப்பாவோடு கொடுங்கள். பூ எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.