வடக்குத்தெரு வீடு: பெடல் பஞ்சாயத்து

சனிக்கிழமை

பெரிய அத்தை: (தாமரைப் பூ படம்) இனிய காலை வணக்கம்

நான்: (படம்) (படம்) (படம்)

நான்: சித்தப்பா, ரேஸ் காருக்கு மூணு பெடலும் செஞ்சு முடிச்சாச்சு. 6 மில்லிமீட்டர் தகடு. எப்டி இருக்குன்னு சொல்லுங்க

அம்மா: ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கிரைண்டர் சத்தம். பக்கத்து வீட்டுல என்னைய கேக்குறாங்க

அக்கா: அந்த பழைய மாருதி எஸ்டீம் காரா? இன்னுமா முடியல

நான்: பிரேக் பூஸ்டர, அதான் கால் மிதிக்கற பலத்த கூட்டித் தர்ற டப்பாவ, கழட்டியாச்சுக்கா. அதான் பெடல் செட்டே புதுசா பண்றேன். இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓட்டணும். கால் மைல், 402 மீட்டர்

பெரிய அத்தை: 402 மீட்டர்தானா? நம்ம வீட்லேர்ந்து அய்யனார் கோயிலே அதவிட தூரம். அதுக்காடா இத்தனை செலவு

ஒசூர் அத்தான்: பூஸ்டர ஏன் மாப்ள கழட்டுன?

நான்: இன்ஜின் வால்வ தொறக்கற கேம் ஷாஃப்ட மாத்துனேன் அத்தான். பூஸ்டருக்கு வேணும்ற வேக்வம், அதான் இன்ஜின் உறிஞ்சற இழுப்பு, ஐடிலிங்ல பத்தல. இருந்தும் இல்லாத மாதிரிதான்

மன்னார்குடி சித்தப்பா: இப்பத்தான் பாத்தேன். கடைல ரெண்டு அறுவடை மிஷின் நிக்குது. வெல்டிங் பரவால்ல

மன்னார்குடி சித்தப்பா: பிரேக் பெடல் தொங்குற போல்ட்டுலேர்ந்து ராடு மாட்டுற ஓட்டை வரைக்கும் எவ்வளவு

நான்: 90 மில்லி

மன்னார்குடி சித்தப்பா: அதே போல்ட்டுலேர்ந்து கால் வைக்கிற தட்டு நடு வரைக்கும்?

நான்: 270

மன்னார்குடி சித்தப்பா: மிதிச்சு பாத்தியா

நான்: பாத்தேன். கல்லு மாதிரி இருக்கு. செம ஃபீல்

மன்னார்குடி சித்தப்பா: கல்லு மாதிரி இருந்தா நல்லதுன்னு யாருடா சொன்னா. வண்டி நிக்காது

நான்: ஏன் சித்தப்பா

மன்னார்குடி சித்தப்பா: 270, 90. மூணு மடங்குதான் வருது. பூஸ்டர் இருந்தாலே நாலு வைப்பான். பூஸ்டர் இல்லாத வண்டிக்கு ஆறு கிட்ட வேணும். அடிபம்பு கைப்பிடிய பாதியா அறுத்துட்டு தண்ணி அடிச்சு பாரு, அதான் நீ பண்ணி வச்சிருக்கறது

ஒசூர் அத்தான்: சித்தப்பா சொல்றது கரெக்ட். ராடு தள்ளுற மாஸ்டர் சிலிண்டர், அதான் பிரேக் ஆயில அமுக்குறது, என்ன சைஸ் மாப்ள

நான்: 3/4 அங்குலம்

ஒசூர் அத்தான்: பிஸ்டன் பரப்பு 2.85 சதுர செ.மீ. நீ 40 கிலோ மிதிக்கிறன்னு வை. 3 மடங்குல ராடுக்கு 120 கிலோ, பிரேக் ஆயில் லைன்ல சதுர செ.மீ.க்கு 42 கிலோ அழுத்தம் வரும். 6 மடங்குல ராடுக்கு 240, லைன்ல 84. கால் அதே காலுதான்

நான்: அப்ப 45ல ஓட்டை போட்டா போதும்ல

மன்னார்குடி சித்தப்பா: பெடல் கொஞ்சம் ஆழமா போகும், அது பரவால்ல. சிலிண்டர் எங்க நிக்குது? பழைய ஓட்டைக்கு நேரா நிக்குதா

நான்: ஆமா

மன்னார்குடி சித்தப்பா: அப்ப ஓட்டைய மட்டும் மேல ஏத்துனா ராடு சாயும். சாஞ்ச ராடு பிஸ்டன பக்கவாட்டுல தேய்க்கும், ரப்பர் போயிடும். சிலிண்டரையும் 45 மேல ஏத்து. பாதி மிதிக்கறப்ப ராடும் பெடலும் மூலமட்டம் வச்ச மாதிரி செங்கோணத்துல இருக்கணும்

நான்: சிலிண்டர் வர்ற தகட்ட திரும்ப வெட்டணுமா 😭

அக்கா: 😂😂

மன்னார்குடி சித்தப்பா: அத எப்படியும் வெட்டணும். இன்ஜினுக்கும் காலுக்கும் நடுவுல இருக்கற தகடு ஒரு மில்லி கூட இருக்காது. யாரையாவது மிதிக்க சொல்லிட்டு பானட்ட தொறந்து சிலிண்டர பாரு

அம்மா: யாரையாவதுன்னா நான்தான். சாம்பார் அடுப்புல இருக்கு

(ஒரு மணி நேரம் கழிச்சு)

நான்: (வீடியோ)

நான்: அம்மா மிதிக்க மிதிக்க சிலிண்டர் முன்னாடி போயிட்டு வருது. ஸ்கேல் வச்சு பாத்தேன், 2 மில்லி

அம்மா: சீட்டே இல்லாத கார்ல பலகை போட்டு உக்கார வச்சான். புடவை எல்லாம் கிரீஸ்

ஒசூர் அத்தான்: தள்ளு ரெட்டிப்பானா அது 4 ஆகும் மாப்ள. ஆறு மடங்குன்னா பெடல்ல 24 மில்லி வீணா போகும். தகட்ட வளைக்கத்தான் மிதிச்சுக்கிட்டு இருப்ப

மன்னார்குடி சித்தப்பா: 4 மில்லி தகடு வெட்டி உள்பக்கம் வை. பெடல் தொங்குற பிராக்கெட்டயும் அதோட சேத்து கட்டு. ரெண்டும் ஒண்ணா நிக்கணும். அப்பவே சிலிண்டர் ஓட்டைய 45 மேல போட்டுக்க. முதல்ல அட்டைல வெட்டி வச்சு பாரு, கல்யாணப் பத்திரிகை அட்டை நல்லா இருக்கும்

பெரிய அத்தை: நம்ம வீட்டு பத்திரிகை 40 மிச்சம் இருக்கு, வந்து எடுத்துக்க

மன்னார்குடி சித்தப்பா: மூணாவது படத்த இப்பத்தான் பெருசு பண்ணி பாத்தேன். ராடு முனைல நட்ட வச்சு வெல்டிங் வச்சிருக்கியே, அந்த ராடு 8.8 போல்ட்டா?

நான்: ஆமா, ஹைடென்சில்னு ஸ்ட்ராங்கா இருக்கும்னு

மன்னார்குடி சித்தப்பா: சூடு வச்சா அந்த பலம் போயிடும்டா! அத தூக்கி போடு. அறுகோண ராடு எடுத்துட்டு வா, லேத்துல ஒரு முனை நேர் மரை, மறு முனை எதிர் மரை போட்டு தரேன். ரெண்டு பக்கமும் ராட் எண்ட், அதான் போல்ட் மாட்ட கண்ணு வச்ச முனை, மாட்டிக்கலாம். கழட்டாமயே ராட திருப்புனா நீளம் கூடும், குறையும்

மன்னார்குடி சித்தப்பா: பெடல் பக்கம் போல்ட்ட ஒத்த காதுல தொங்க விடாத. ரெண்டு பக்கமும் காது வச்சு நடுவுல ராட் எண்ட் வரட்டும். சிலிண்டருக்குள்ள ராடு தொடற இடத்துல ஒரு மில்லி இடைவெளி விடு. விடலன்னா ஆயில் திரும்பி போற ஓட்டை அடைஞ்சுக்கும், பிரேக் புடிச்சே நிக்கும்

குடவாசல் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அக்கா: மாமா என்ன அழிச்சீங்க

குடவாசல் மாமா: ஒண்ணுமில்லமா. ஒரு நெல்லு விலை, மாத்தி போட்டுட்டேன்

ஒசூர் அத்தான்: ஆக்சிலேட்டருக்கும் ராடுதானா மாப்ள? கேபிள் காணோமே

நான்: ராடுதான். கேபிள் மாதிரி இழுபடாது, உடனே ரெஸ்பான்ஸ் வரும்

ஒசூர் அத்தான்: அங்கதான் வம்பு. முன்சக்கரம் இழுக்கற வண்டி. கிளட்ச் விட்டதும் இன்ஜின் மவுண்ட்டுல முன்ன பின்ன ஆடும். பெடல் பாடில, இன்ஜினுக்கு காத்து விடுற திராட்டில் இன்ஜின்ல. நடுவுல விறைப்பா ஒரு ராடு இருந்தா, நீ மிதிக்கலன்னாலும் இன்ஜின் ஆடுறதே திராட்டில இழுத்து தொறந்துடும்

நான்: 😳

அம்மா: புரியல. ஆனா பயமா இருக்கு

ஒசூர் அத்தான்: கேபிளுக்கு மாத்திடு. கேபிள் உறைய திராட்டில் பக்கம் இன்ஜின்லயே கட்டு, இன்ஜின் ஆடுனா அதுவும் கூடவே ஆடும். திரும்பி வர ரெண்டு ஸ்பிரிங், ஒண்ணு அறுந்தாலும் மத்தது மூடணும். பெடல் அடில ஒரு ஸ்டாப்பர் போல்ட், இல்லன்னா ஸ்டார்ட் லைன்ல நீ உதைக்கற உதைல திராட்டில் வளைஞ்சிடும்

பெரிய அத்தை: டேய், இத அந்த பைபாஸ்ல ஓட்டி பாக்க மாட்டல்ல?

நான்: இல்ல அத்தை. டிரெய்லர்லதான் ஏத்திட்டு போவேன், டிராக்லதான் ஓட்டுவேன்

பெரிய அத்தை: அய்யனார் மேல சத்தியமா?

நான்: சத்தியமா

ஞாயிற்றுக்கிழமை

நான்: (படம்) சித்தப்பா, அட்டைல வெட்டி வச்சு பாத்தேன். சிலிண்டர 45 ஏத்துனா வைப்பர் மோட்டார்ல இடிக்குது

மன்னார்குடி சித்தப்பா: 402 மீட்டர்ல மழை பெய்யுமா? மோட்டார கழட்டு

மன்னார்குடி சித்தப்பா: நாளைக்கு இங்க கரண்ட் கிடையாது, மெயிண்டனன்ஸாம். செவ்வாய்க்கிழமை காலைல வா. பெடல், சிலிண்டர், ராடு எல்லாம் எடுத்துட்டு வா

பெரிய அத்தை: வர்ற வழில கும்பகோணத்துல அரை கிலோ காபிப் பொடி. சிக்கரி வேணாம்னு சொல்லு

நான்: அது வழியே இல்லயே அத்தை, மன்னார்குடிக்கு

பெரிய அத்தை: கார் ரேஸ் ஓட்டறவனுக்கு இது ஒரு தூரமா